விசைப்பலகை வாங்குமுன் ‘பட்டம்’ என்று தட்டிப் பாருங்கள்

கடந்த பருவத்தில் நான் எழுதிய இடுபணி ஒன்றில், முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர் ஒருவரை “முனைவர் படம் பெற்றவர்” என்று குறிப்பிட்டுவிட்டேன். விரிவுரையாளர் அந்த வரியை வட்டமிட்டு, “எந்தத் திரையரங்கில்?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் கடுப்பாக இருந்தது. பட்டத்துக்கு எத்தனை டகரம் என்று தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த எனக்குத் தெரியாதா? ‘ட’ விசையை இரண்டு முறை தட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணினிக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றுதான். பிழைதிருத்தியும் காட்டிக் கொடுக்கவில்லை. படமும் ஒரு சொல்தானே!

அந்த விசைப்பலகையை 139 வெள்ளி கொடுத்து இணையத்தில் வாங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பி.டி.பி.டி.என். கடன் பணம் கணக்கில் ஏறிய மறுநாள் வாங்கியது. நீல நிற சுவிட்ச், வானவில் விளக்கு, தட்டினால் டிக் டிக் என்று சத்தம்.

என்னைப் போல் இந்த ஆண்டு உங்களில் பலரும் மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்கப் போகிறீர்கள். விடுதியில் ஒருவர் வாங்கினால் ஒரே மாதத்தில் அந்த வரிசை அறைகளில் பாதிப் பேர் வாங்கிவிடுகிறார்கள். எல்லாரும் காணொளிகளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். காணொளியில் ஒருவர் தட்டுகிறார், சத்தம் காதுக்கு இனிமையாக இருக்கிறது, நாம் பணம் கட்டுகிறோம். அவர் தட்டுவது ஆங்கிலம். நாம் தட்டப் போவது மூன்று மொழி. இந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். பள்ளிக் கணினிக் கூடத்தில் நாம் தட்டிப் பழகியவை பெரும்பாலும் ரப்பர் குமிழ் விசைப்பலகைகள். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சின்ன ரப்பர் குமிழ் இருக்கும். அழுத்தினால் அது மடங்கி, கீழே உள்ள தாளில் இரண்டு மின் தடங்களைச் சேர்த்துவிடும். அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். குமிழ் நாள்பட நாள்பட தளர்ந்துவிடும். இதைப் பாட்டியிடம் காட்டி, “இதுக்குள்ளயும் ரப்பர்தான் பாட்டி” என்றேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பால் மரம் வெட்டியவர் அவர். குமிழை விரலால் நசுக்கிப் பார்த்து, “இது நம்ம ரப்பர் இல்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் சிலிக்கோனாம். மரத்தையே பார்க்காத ரப்பர்.

மெக்கானிக்கல் என்றால் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியே ஒரு சுவிட்ச் இருக்கும். அதனுள்ளே ஒரு சுருள்வில், கீழும் மேலும் நகரும் ஒரு தண்டு, இரண்டு உலோகத் தகடுகள். தண்டு பாதி வழி இறங்கியதும் தகடுகள் தொட்டுக்கொள்ளும், எழுத்து விழும். இன்று பரவலாக இருக்கும் வடிவம் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். சுவிட்ச். அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு சீன நிறுவனங்கள் பல அதே அளவில் செய்யத் தொடங்கின. விலை இறங்கி, மாணவர் கைக்கு எட்டியது அதற்குப் பிறகுதான்.

சுவிட்சுகளில் மூன்று குடும்பங்கள் உண்டு. சிவப்பு நேராக இறங்கும், நடுவில் எந்தத் தடையும் இல்லை. பழுப்பில் பாதி வழியில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தட்டுப்படும், ஆனால் தனிச் சொடுக்குச் சத்தம் இராது. நீலத்தில் மேடும் உண்டு, சொடுக்கும் உண்டு. இந்த நிறங்கள் செர்ரி வைத்தவை. மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் பின்பற்றினாலும், மஞ்சள், பச்சை, வெள்ளை என்று வரும்போது ஆளுக்கொரு கணக்கு. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எந்தக் குடும்பம் என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கனம். செர்ரியின் அளவுப்படி சிவப்பு சுவிட்சில் எழுத்து விழ 45 சென்டிநியூட்டன் விசை வேண்டும். பழுப்பின் மேட்டைத் தாண்ட 55, நீலத்துக்கு 60. தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். இந்த எண்களைப் படித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாணயத்தை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நம் 50 சென் நாணயம், 2012-இல் வெளியான வரிசையைச் சேர்ந்தது, 5.66 கிராம் எடை. அந்தக் கணக்கில் சிவப்புக்கு எட்டு நாணயம், பழுப்புக்குப் பத்து, நீலத்துக்குப் பதினொன்று. தங்கையின் உண்டியலை உடைக்காமல் குலுக்கி எடுத்த நாணயங்களை விசைமேல் ஒவ்வொன்றாக அடுக்கினேன். நாணயம் விசையைவிட அகலம், அதனால் இரண்டு முறை சரிந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது. நண்பியிடம் இரவல் வாங்கிய சிவப்பில் எட்டாவது நாணயத்தில் எழுத்து விழுந்தது. என் நீலம் பத்து வைத்தும் அசையவில்லை.

எட்டுக்கும் பதினொன்றுக்கும் மூன்று நாணயம்தானே வித்தியாசம் என்று தோன்றலாம். மூவாயிரம் சொல் இடுபணியில் எத்தனை ஆயிரம் தட்டல் என்று எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் என் சுண்டுவிரல் எண்ணிச் சொன்னது.

மேடு எதற்கு என்பதைப் பாட்டி சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். அவர் வெட்டிய காலத்தில் விடிவதற்கு முன்பே காட்டுக்குள் போய்விட வேண்டும். தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில்தான் வேலை. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதவில்லை என்றால் பால் வராது. அதிகம் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும், அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். “கண்ணு பாத்து வெட்டுறதில்லம்மா, கத்தி எவ்ளோ ஆழம் போவுதுன்னு கைக்குத் தெரியணும்” என்றார். பழுப்பு சுவிட்சின் மேடு செய்வது அதைத்தான். எழுத்து விழுந்துவிட்டது, இனி அழுத்த வேண்டாம் என்று விரலுக்குச் சொல்கிறது. எல்லாருக்கும் அது தேவையா என்பது வேறு கேள்வி. என் அறைத் தோழிக்கு அந்த மேடு மணல் துகள் சிக்கியது போல் இருக்கிறதாம்.

என் நீல சுவிட்சு விவகாரத்துக்கு வருகிறேன். விடுதியில் முதல் வாரமே முணுமுணுப்பு எழுந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. பருவ விடுமுறைக்குப் புந்தோங்கில் உள்ள வீட்டுக்கு எடுத்துப் போனேன். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு அறை மலிவு வீடு, தகரக் கூரை, நடுவில் பலகைத் தடுப்பு. அப்பா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் மாலை மூன்று வரை தூக்கம். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பதினொரு மணி வாக்கில் அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார். நேரே வாசலுக்குப் போனார். கொடியில் கிடந்த துணிகளைத் தொட்டுப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். “என்னப்பா?” என்றேன். “மழ பேயுதுன்னு நெனச்சேம்மா, துணி எடுக்க வந்தேன்” என்றார். என் கையையும் விசைப்பலகையையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு வார்த்தை சிவப்புக்கும் எதிராகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு சுவிட்ச் சத்தமே போடாது என்று கடைக்காரர்கள் சொல்வது பாதி உண்மை. சொடுக்கு இல்லை, அவ்வளவுதான். விசை அடியில் மோதும் சத்தமும், மேலே திரும்பி முட்டும் சத்தமும் இருக்கவே செய்யும். நள்ளிரவில் பக்கத்துக் கட்டிலுக்கு அது கேட்கும். அடியில் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டால் கொஞ்சம் குறையும். மோதும் இடத்தில் மென்மையான திண்டு வைத்த ‘அமைதி’ சுவிட்சுகளும் விற்கின்றன. விலை சற்றுக் கூடுதல்.

‘பட்டம்’ எப்படிப் ‘படம்’ ஆனது? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வியாக இருந்தது. காணொளிகளில் விடை கிடைக்கவில்லை, நானே பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீல சுவிட்சில் சொடுக்கை எழுப்புவதற்கென்றே தண்டில் ஒரு சிறு துண்டு தனியாக நகர்கிறது. அதனால் விசை எந்தப் புள்ளியில் எழுத்தைப் பதிகிறதோ, அந்தப் புள்ளிக்குத் திரும்பி வந்தால் போதாது. அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே வந்தால்தான் ‘விட்டாயிற்று’ என்று கணினிக்குத் தெரியும். அதற்குள் மறுபடி அழுத்தினால் இரண்டாம் தட்டல் கணக்கில் வராது. சிவப்பில் பதியும் புள்ளியும் விடுபடும் புள்ளியும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே விசையை வேகமாக இருமுறை தட்டுவது அதில் எளிது. கணினி விளையாட்டு ஆடுபவர்கள் சிவப்பை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் தட்டும்போது இது பெரிதாக உறுத்துவதில்லை. இரட்டை எழுத்து வரும் சொற்கள் அதில் உண்டு, ஆனால் வரிக்கு இரண்டோ மூன்றோதான். மலாயில் இன்னும் குறைவு. தமிழில்? அப்பா, அக்கா, அத்தை, பாட்டி, எட்டு, பத்து, பக்கம், சட்டம், கற்றல், வெற்றி. ஈப்போவைத் தமிழில் எழுதினால்கூட ஒரு இரட்டை. சொல்லுக்குள் இருப்பது போதாதென்று சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் வேறு வலி மிகும். ஒரே விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டுவது நம் மொழியில் ஓயாத வேலை.

அதிலும் நான் பயன்படுத்துவது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டிப் பிறந்து, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கையில். க-வைத் தட்டி இ-யைத் தட்டினால் கி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ப, ட, ட, ம, புள்ளி. ஐந்தே தட்டலில் பட்டம். ‘வணக்கம்’ என்று எழுத ஆறு தட்டல். ஆங்கில ஒலிப்பைக் கொண்டு தட்டும் அஞ்சல் முறையில் அதே சொல்லுக்கு எட்டு தட்டலோடு ணகரத்துக்கு ஒரு ஷிப்டும் வேண்டும்.

அந்தத் தானாக விழும் புள்ளிதான் சிக்கலுக்கும் காரணம். இரண்டாம் தட்டல் விடுபட்டால் புள்ளியும் சேர்ந்து போய்விடும். கிடைப்பது பெரும்பாலும் பொருளுள்ள இன்னொரு சொல். பட்டம் படமாகும், ஓட்டு ஓடாகும், பாட்டு பாடாகும். மலிவான சுவிட்சில் தூசி புகுந்தாலோ தகடு தேய்ந்தாலோ எதிர்மாறாகவும் நடக்கும். ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழும். அப்போது ‘என் பாடு’ என்று எழுதினால் ‘என் பாட்டு’ என்று வரும். பாடுபடுகிறவர் பாட்டுப் பாடுகிறவராகிவிடுவார். ஆங்கிலத்தில் இப்படி நேர்ந்தால் கோணலாகத் தெரியும், பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடும். தமிழில் அது ஒழுங்கான சொல்லாக உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே என் கருத்து இதுதான். தமிழும் தட்டுகிற மாணவருக்கு வழக்கமான நீல சுவிட்ச் ஏற்றதன்று. சிவப்பு அல்லது மேடு சிறிதாக உள்ள பழுப்பு போதும். கடையில் தட்டிப் பார்க்க வாய்ப்பிருந்தால், எச் விசையையும் ஓ விசையையும் இருமுறை இருமுறையாக வேகமாகத் தட்டிப் பாருங்கள். தமிழ்99-இல் அவைதான் க-வும் ட-வும். ஈப்போவில் யிக் ஃபூங் போன்ற வளாகங்களில் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. போய் விரலால் தொட்டுப் பார்ப்பதற்குப் பணம் கேட்பதில்லை. நான் செய்யாமல் விட்டது அதுதான்.

அளவிலும் ஒரு கண் வேண்டும். மேசையில் இடம் மிச்சம் என்று இப்போது சின்னஞ்சிறு பலகைகள் வருகின்றன. எண் வரிசையே இல்லாத, ‘நாற்பது விழுக்காடு’ என்று சொல்லப்படும் வகைகூட உண்டு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து விசைகள் இருந்தால் வேலை ஓடும். தமிழ்99-க்கு 31 வேண்டும். உயிர் 12, மெய் 18, புள்ளியும் ஆய்தமும் சேர்ந்து ஒரு விசை. எண்ணிப் பார்த்தபோது முதல் வகுப்பு நெடுங்கணக்கு அப்படியே பலகையில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. கூடுதலான அந்த ஐந்தும் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகிய விசைகளில் இருக்கின்றன. ச அங்கே, ஞ அங்கே, ந அங்கே, ய அங்கே, நம் ழ அங்கே. மிகச் சிறிய பலகைகளில் முதலில் காணாமல் போவது இந்த விசைகள்தான். ழகரம் தட்ட இரண்டு விரலைச் சேர்த்து அழுத்த வேண்டிய பலகையை அழகுக்காக வாங்கி என்ன பயன்?

தமிழெழுத்து பொறித்த விசை மூடிகள் கிடைக்கவில்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் விசையைப் பார்த்துத் தட்டுகிறவரைக்கும் வேகம் வராது. ஒரு தாளில் அமைப்பை அச்சடித்துத் திரைக்கு அடியில் ஒட்டுங்கள். எஃப், ஜே விசைகளில் சிறு கோடு இருக்கும். இடக்கைச் சுட்டுவிரலுக்குப் புள்ளி, வலக்கைச் சுட்டுவிரலுக்குப் ப. அங்கிருந்து தொடங்கினால் போதும்.

இங்கே கொஞ்சம் பழைய கதை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்கு வேலைக்கு வந்த ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தவர். 247 எழுத்தை ஒரு சிறு பொறியில் எப்படி அடக்குவது? அவர் கண்ட வழிகளில் ஒன்று நகரா விசை. அதைத் தட்டினால் குறி தாளில் பதியும், ஆனால் உருளை நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். பொறி ஜெர்மனியில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. பிறகு கணினிக் காலத்தில், 1980-களின் நடுவில், முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர் முத்து நெடுமாறன். அவர் மலேசியர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. தமிழை விசைக்குக் கொண்டுவந்த வேலையில் இந்த நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நாட்டில், மூன்று மொழி படித்து வளர்ந்த நான், ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 58 சொல் தட்டுவேன். மலாயில் ஏறக்குறைய அதே. தமிழில் சென்ற ஆண்டு அளந்து பார்த்தபோது 11.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எஸ்.பி.எம். தமிழ்த் தாள்வரை எல்லாவற்றையும் கையால் எழுதியே வந்தேன். தமிழில் தட்டச்சு செய்யவேண்டிய தேவை பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் முளைத்தது. அப்போதும் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தட்டி, அது காட்டும் சொற்களில் ஒன்றைத் தேர்ந்து, மின்னஞ்சலில் எனக்கே அனுப்பி, மடிக்கணினியில் ஒட்டி... ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். இப்படி இருந்தால் மாணவர் என்ன செய்வார்? சுருக்கமாக எழுதுவார். மூன்று எடுத்துக்காட்டு தெரிந்தாலும் ஒன்றோடு நிறுத்துவார். கட்டாயமில்லாத இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். நான் அப்படித்தான் செய்தேன். என் தமிழ் இடுபணிகள் ஒல்லியாக இருந்ததற்கு எனக்குத் தெரிந்தது குறைவு என்பது காரணமில்லை, விரல் ஓடாததுதான் காரணம்.

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது, “வாயால பேசினா போதும், அதுவே எழுதிக்கும், இந்தக் காலத்துல எதுக்குத் தட்டச்சு?” என்றான். குரல் தட்டச்சு நன்றாகவே முன்னேறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான்கு பேர் இருக்கும் விடுதி அறையிலோ நூலகத்திலோ சங்க இலக்கியத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியுமா? தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்கும்போது? மேலும் பேசும்போது வருகிற வாக்கியம் வேறு, எழுதி அழித்து எழுதும்போது வருகிற வாக்கியம் வேறு. இதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. விட்டுவிட்டேன்.

நம் பல்கலைக்கழகங்களில் தமிழ்க் கழகங்கள் பேச்சுப் போட்டி, கவிதைப் போட்டி, புதிர்ப் போட்டி என்று எத்தனையோ நடத்துகின்றன. ஒரு தட்டச்சுப் போட்டி வைத்தால் என்ன? பரிசாக ஒரு நல்ல விசைப்பலகை கொடுக்கலாம். பத்து நிமிடம், ஒரு பக்கம் உரைநடை, பிழைக்கு மதிப்பெண் குறைப்பு. மேடையும் வேண்டாம், மாலையும் வேண்டாம், ஒரு கணினிக் கூடம் போதும். இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்களும் செய்யலாம்.

இன்றைய விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99, அஞ்சல் இரண்டும் கணினியோடே வருகின்றன. மொழி அமைப்புக்குள் போய்த் தமிழைச் சேர்த்தால் ஆயிற்று, ஒரு சென் செலவில்லை. அதனால் என்னிடம் யோசனை கேட்கிறவர்களிடம் நான் சொல்வது: முதலில் உங்களிடம் இருக்கும் பலகையிலேயே ஒரு மாதம் தமிழ்99 பழகுங்கள். தினமும் கால் மணி நேரம். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள். பழகாத விரலை வைத்துக்கொண்டு சுவிட்ச் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த விசையை அதிகம் தட்டுவோம், எங்கே விரல் தடுமாறும் என்று தெரிந்த பிறகுதான் சிவப்பா பழுப்பா என்ற கேள்விக்கே பொருள் வரும். அஞ்சல் முறைதான் கைக்கு வருகிறது என்றால் அதிலேயே இருங்கள், குறையொன்றும் இல்லை. அதிலும் இரட்டைத் தட்டல் ஏராளம். அம்மாவுக்கே இரண்டு எம், கடைசியில் இரண்டு ஏ.

வாங்கும்போது சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய பலகையாகப் பாருங்கள். அப்படி இல்லாவிட்டால் ஒரு சுவிட்ச் கெட்டாலும் ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டியிருக்கும். சில மலிவுப் பலகைகளின் துளையில் எல்லா நிறுவனத்துச் சுவிட்சும் நுழையாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விசை மூடி பி.பி.டி. என்றால் நல்லது. ஏ.பி.எஸ். மூடிகள் சில மாதத்தில் எண்ணெய் பூசியது போல் பளபளக்கும். ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு தட்டினால் இன்னும் விரைவாக. எங்கள் புந்தோங் கச்சாங் பூத்தே தூள் சுவிட்சுக்குள் போனால் என்ன ஆகும் என்பதையும் நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். வேண்டுமென்றே செய்ததில்லை. வானவில் விளக்கைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை.

நான் இப்போது வைத்திருப்பது கழற்றி மாற்றக்கூடிய, விளக்கில்லாத, கறுப்பு நிறப் பலகை. சிவப்பு சுவிட்ச். வலப்பக்கச் சுண்டுவிரல் விசைகளுக்கு மட்டும் பழுப்பு போட்டிருக்கிறேன், அந்த விரல் இன்னும் தடுமாறுகிறது. தமிழில் நிமிடத்துக்கு 27 சொல். பாட்டி ஒருநாள் அழுத்திப் பார்த்து, “அமுக்குன மாதிரியே இல்லியே” என்றார். அவர் ஓட்டு நீலத்துக்குத்தான்.

அந்த நீலத்தை எழுபது வெள்ளிக்கு விற்றுவிட்டேன். வாங்க வந்த பையன் படிவம் ஐந்து. பெட்டியைத் திறந்து இரண்டு முறை தட்டிப் பார்த்தான், முகமெல்லாம் சிரிப்பு. இரட்டைத் தட்டலில் ஒன்று விடுபடும் என்று சொன்னேன். விளையாட்டுக்கு இல்லை, கதை எழுதத்தான் என்றான், ஆங்கிலத்தில். சரி என்று பணத்தை வாங்கிக்கொண்டேன். அவன் மோட்டாரில் ஏறியபோது ஒன்று கேட்கத் தோன்றியது.

“தம்பி, உங்க வீட்ல பகல்ல தூங்குற ஆளு யாராச்சும் இருக்காங்களா?”